மார்க்கெட் டல்லா இருக்கும்போது பனியன் துணி எடுப்பது எப்படி?

கோபியில் இருக்கும் என் தங்கை போன மாதம் போனில் ஒரே புலம்பல். "ஏக்கா, ரெண்டு வருசம் முந்தி எடுத்த அதே டீஷர்ட்டு, அதே பேரு, அதே சைஸு. அது இன்னும் கல்லாட்டம் இருக்குது. இப்ப எடுத்தது ரெண்டு தண்ணிக்கே கோணிக்கிட்டு நிக்குது. நீ இருபத்தஞ்சு வருசமா அதுக்குள்ளயேதான கெடந்தே, என்னன்னு சொல்லேன்."

"வெல ஏறிருக்குதா?"

"இல்லக்கா, அதே வெலதான்."

விலை ஏறியிருந்தால்கூட நான் இவ்வளவு சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். நூல் விலை, கூலி, கரண்ட் எல்லாம் ஏறியபிறகும் ஸ்டிக்கரில் மட்டும் அதே விலை நின்றால், அந்த மிச்சத்தைத் துணிக்குள்ளிருந்துதான் எடுத்திருப்பார்கள். எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரிந்துவிட்டால் கடையில் நின்றே கண்டுபிடித்துவிடலாம். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் 1999-ல் திருப்பூரில் கைமடியாகச் சேர்ந்தேன். வெளியூர்க்காரர்களுக்கு: டைலர் தைத்து முடித்த பீஸை அடுக்கி, மடித்து, அடுத்த மிஷினுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை. அப்புறம் செக்கிங், அப்புறம் க்யூ.சி. என்ற தரம் பார்க்கும் வேலை. வேலை பார்த்த கம்பெனிகளின் பேர் வேண்டாம். எல்லா இடத்திலும் நல்லதும் நடந்தது, மற்றதும் நடந்தது.

இரண்டு வகை டல்

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் "டல்" என்ற ஒரே சொல்தான். ஆனால் துணி வாங்குகிறவர் இரண்டு வகையைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, ஆர்டர் நின்றுபோகிற டல். இன்னொன்று, பஞ்சும் நூலும் ஏறி, விற்கிற விலை ஏறாத டல்.

முதல் வகைக்கு 2008. செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. எங்கள் யூனிட்டில் அந்தப் பேரை உச்சரிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். ஆனால் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகி, ராத்திரி எட்டரைக்கு அடிக்கிற சங்கு சாயங்காலம் ஐந்தரைக்கே அடிக்க ஆரம்பித்தபோது எல்லாருக்கும் புரிந்தது. 2020 மார்ச் ஊரடங்கிலும் அதே கதைதான், இன்னும் வேகமாக. தைத்து, அயர்ன் பண்ணி, பாலிபேக்கில் போட்டு, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டி வைத்த சரக்கை, ஆர்டர் கொடுத்த பையரே வேண்டாம் என்றார். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோதும் பெட்டிகள் அப்படியே நின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் துணிக்கு ஒரு குறையும் இல்லை என்பதுதான். அது நல்ல காலத்தில் விலை போட்டு, நல்ல நூல் வாங்கி, பையரின் டெஸ்ட் ரிப்போர்ட்டோடு தைத்த சரக்கு. டல் வந்ததால் அது கெட்டுப்போகவில்லை, விலை மட்டும்தான் கெட்டது. 2020 கடைசியில் எங்கள் கம்பெனி குடோனில் நின்ற காலர் டீஷர்ட்டை ஆளுக்கு ஐந்து என்று பீஸ் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அதைப் போட்டுக்கொண்டுதான் இன்றைக்கும் பால் வாங்கப் போகிறார். காலர் இன்னும் நிமிர்ந்துதான் நிற்கிறது.

இரண்டாவது வகைக்கு 2011, 2022. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடின. சாயக்கழிவு விட்டு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது நாங்கள்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே சமயம் உலகச் சந்தையில் பஞ்சு விலை அதுவரை பார்க்காத உச்சத்துக்குப் போனது. துணிக்குச் சாயம் போட லூதியானா வரை லாரி ஏற்றினவர்கள் உண்டு. 2022-ல் பஞ்சு மட்டும். 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி 2021 தொடக்கத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்தது, 2022 மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. கடைக்காரரோ அதே 399, அதே 499-ஐ விட்டு நகர மாட்டேன் என்கிறார், ஏனென்றால் ஜனங்கள் கையிலும் காசில்லை. அப்போது தைத்த துணிதான் என் தங்கை சொன்ன மாதிரி கோணுகிற துணி.

ஆக, டல் காலத்தில் கடையில் இரண்டு சரக்கு பக்கத்து பக்கத்திலேயே தொங்கும். மார்க்கெட் விழுவதற்கு முன்னால் தைத்தது ஒன்று, விழுந்த பிறகு விலை போட்டது ஒன்று. முதலாவது யோகம், இரண்டாவது தண்டம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆர்டர் எடுத்து, நூல் வாங்கி, நிட்டிங், சாயம், கட்டிங், தையல் எல்லாம் முடிந்து கடைக்கு வர நான்கு மாதம், ஆறு மாதம் ஆகும். பேப்பரில் "மந்தநிலை" என்று தலைப்புப் போடும் வாரத்தில் கடையில் தொங்குவது பழைய நல்ல சரக்கு. "மீண்டு வருகிறது" என்று எழுதும்போதுதான் மெலிந்த சரக்கு வந்து இறங்கும். துணி எடுக்கிற ஆள் பேப்பரை ஆறு மாதம் தள்ளித்தான் படிக்க வேண்டும்.

எங்கே கை வைப்பார்கள்

பீஸுக்கு என்ன செலவு என்று கணக்குப் போடும் காஸ்டிங் ஷீட்டை முன்னால் வைத்துக்கொண்டு, ஆர்டர் பேசுகிற மெர்ச்சன்டைசர்கள், பையர் தரப்பு ஆளும் எங்கள் ஆளும், உட்கார்ந்தால், முதலில் கை வைப்பது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். பட்டனையும் பிரிண்டையும் தொட மாட்டார்கள். மேல்பூச்சு அப்படியே இருக்கும்.

முதல் பலி ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. நல்ல ரவுண்ட் நெக் டீஷர்ட் என்றால் 180 போடுவார்கள். அதை 160 ஆக்கினால் கையில் எடுக்கிற ஆளுக்குத் தெரியாது. கணக்கு பாருங்கள்: கழிவோடு சேர்த்து ஒரு பீஸுக்கு 200 கிராம் துணி, கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் துணிச் செலவு 100 ரூபாய். இருபது ஜி.எஸ்.எம். குறைத்தால் பீஸுக்குப் பதினொரு ரூபாய் மிச்சம். ஐம்பதாயிரம் பீஸ் ஆர்டரில் ஐந்தரை லட்சம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எந்த முதலாளிக்கும் மனசு தடுமாறத்தான் செய்யும்.

அடுத்தது நூல். கோம்ப்டு நூல் என்றால் பஞ்சைச் சீவி, குட்டை நாரையெல்லாம் கழித்துவிட்டு நூற்பது. நூறு கிலோ போட்டால் பதினைந்து கிலோவை ஒட்டிக் கழிவாகவே போகும். அப்படிச் சீவாத கார்டட் நூலில் அந்தக் கழிவு அவ்வளவும் உள்ளேயே இருக்கும். அந்தக் குட்டை நார்தான் நான்கு தண்ணிக்குப் பிறகு வெளியே வந்து, இடுப்புப் பக்கத்திலும் அக்குளிலும் குட்டிக் குட்டி உருண்டையாகத் திரளும்.

மூன்றாவது, எனக்கு ரொம்பக் கோபம் வருவது, சாயத்துக்குப் பிந்திய அலசல். சாயம் போட்ட துணியைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க விட்டு, ஒட்டாமல் நிற்கும் சாயத்தை முழுவதும் வெளியேற்ற வேண்டும். கறுப்பு, மெரூன், நேவி மாதிரி அடர் கலருக்கு இந்த அலசல் நிறைய வேண்டும். ஒவ்வொரு அலசலுக்கும் தண்ணீர், விறகு, நேரம். 2011-க்கு அப்புறம் சாயத்தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்பதால் அந்தத் தண்ணீரே விலை. இரண்டு அலசலைக் குறைத்தால் யாருக்குத் தெரியும்? உங்கள் வீட்டு வெள்ளைச் சட்டைக்குத்தான் தெரியும்.

அப்புறம் தையல். டல் காலத்தில் பெரிய கம்பெனி வேலையை வெளியே பவர் டேபிளுக்கு, அதாவது கூலிக்குத் தைக்கும் சின்ன யூனிட்டுக்குத் தள்ளும், பீஸ் ரேட்டைக் குறைத்து. ரேட் குறைந்தால் டைலர் என்ன செய்வார்? தையலை நீளமாக்குவார். அங்குலத்துக்குப் பன்னிரண்டு விழ வேண்டிய இடத்தில் எட்டு விழுந்தால் மிஷின் விறுவிறுவென்று ஓடும், நூலும் மிச்சம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் வீட்டு வாடகையை யாரும் குறைக்கவில்லை.

கழுத்துக்குப் பின்னால் ஒட்டித் தைக்கும் டேப், தோள் இழுபடாமல் இருக்க உள்ளே வைக்கும் மொபிலான் என்ற எலாஸ்டிக் டேப், இதெல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும். 2009-ல் நாங்கள் தைத்த ஒரு குழந்தைகள் டீஷர்ட்டில் தோள் டேப்பை எடுத்தார்கள். பீஸுக்கு ஐம்பது பைசாவோ என்னவோ. டேப் இல்லாமல் தோள் இழுபட்டு, மூன்று மாதத்தில் அரைக்கை முக்கால்கை ஆகும் என்று எழுதிக் கொடுத்தேன். "அது வாஷ் டெஸ்ட்ல பாஸ் ஆயிருச்சுங்க" என்றார் மேனேஜர். பாஸாகத்தான் செய்யும், டெஸ்ட்டில் குழந்தை இல்லையே.

செக்கிங்கிலும் தளர்த்துவார்கள். மூவாயிரம் பீஸ் லாட் என்றால் 125 பீஸ் உருவிப் பார்ப்போம். 2.5 என்ற அளவுகோலில் ஏழு டேமேஜ் வரை லாட் பாஸ், எட்டு வந்தால் பெயில். அதே லாட்டை 4.0 அளவுகோலுக்கு மாற்றினால் பத்து வரை பாஸ். பையரே "இந்த சீசன் 4.0 போதும்" என்று மெயில் போடுவார். அப்படி ஒரு மெயிலை வைத்து நான் பாஸ் போட்ட லாட்டுகளும் உண்டு. ஒன்பது டேமேஜை எண்ணிவிட்டு "பாஸ்" என்று எழுதுவது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்.

கடையில் நின்று பார்ப்பது

முதலில் ஒன்று: தடவிப் பார்த்து வாங்காதீர்கள். எல்லாரும் செய்கிற தப்பு அது. சிலிகான் சாஃப்ட்னர் போட்டால் கோணிச்சாக்குகூட முயல்குட்டி மாதிரி இருக்கும். துவைக்கத் துவைக்க அந்த வழவழப்பு குறைந்துவிடும். எந்தத் துணி ரொம்ப வழவழவென்று, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு போல விரலில் வழுக்குகிறதோ, அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

ஹேங்கரிலிருந்து எடுத்து, இரண்டு தோளையும் பிடித்து உதறித் தொங்க விடுங்கள். பக்கத் தையல் அக்குளிலிருந்து நேராகக் கீழே இறங்க வேண்டும். முன்பக்கம் வளைந்து வந்தால் அது இப்போதே கோணல், துவைத்தால் தொப்புளுக்கே வந்துவிடும். சிங்கிள் ஜெர்சி துணிக்கு நூல் முறுக்கினாலேயே ஒரு பக்கம் இழுக்கும் குணம் உண்டு. துணியைக் காம்பாக்டிங் மிஷினில் அழுத்திச் சரியாக நிமிர்த்தி, கட்டிங்குக்கு முன்னால் ஒரு நாள் உருட்டைப் பிரித்துப் போட்டு ஆற விட்டால் அடங்கும். டல் காலத்தில் ஆர்டர் சின்னதாக வரும், ஆனால் அவசரமாக வரும். பையர் கடைசி நிமிடம் வரை பிடி கொடுக்காமல் இருந்துவிட்டு, இருபது நாளில் கொடு என்பார். ஆற விட எங்கே நேரம்? காலையில் வந்த துணி மத்தியானம் கட்டிங் டேபிளில் கிடக்கும். என் தங்கை வீட்டில் கோணியது அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து, கையை டீஷர்ட்டுக்குள் விட்டு லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். மெல்லிசா கனமா என்பதைவிட, சீராக இருக்கிறதா என்று பாருங்கள். மேகம் மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிந்தால் நூல் சரியில்லை. வெள்ளைத் துணியில் விரல் கணு வரை எண்ண முடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கழுத்துப் பட்டியான ரிப்பை ஆறு அங்குலம் இழுத்து விடுங்கள். பழைய இடத்துக்குப் பட்டென்று திரும்ப வேண்டும். சோம்பேறி மாதிரி மெல்லத் திரும்பினால் அதில் லைக்ரா என்ற இழுவை நூல் இல்லை அல்லது பேருக்கு இருக்கிறது. ஒரு மாதத்தில் கழுத்து வாய் பிளந்துவிடும்.

இனிமேல் உள்பக்கம் திருப்புங்கள். கடைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான். பார்க்கட்டும், பணம் உங்களுடையது. பக்கத் தையலில் துணி ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மூன்று நூலா நான்கு நூலா என்று பாருங்கள். நான்கு நூல் என்றால் இரண்டு ஊசிக்கோடு அடுத்தடுத்துத் தெரியும், ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும். தையலின் இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால், ஏணிப்படி மாதிரி நூல் பிரிந்து தெரிந்தால், அது நீளத் தையல். கட்டைவிரலின் மேல் கணு பெரும்பாலும் ஓர் அங்குலம் இருக்கும். அதை ஸ்கேலாக வைத்து எண்ணினால் பத்துக்குக் குறையக் கூடாது. கீழ் மடிப்பில் தையல் தாண்டியிருக்கிறதா, நூல் கண்ணி தொங்குகிறதா என்றும் ஒரு பார்வை. கழுத்துக்குப் பின்னால் டேப் இருக்கிறதா? தோளில் டேப் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் அந்த கம்பெனி மற்ற இடத்திலும் பெரும்பாலும் யோக்கியமாகத்தான் இருக்கும். என் அனுபவத்தில் டேப் மட்டும் வைத்துவிட்டு நூலில் ஏமாற்றியவர்கள் குறைவு.

பிரிண்ட் இருந்தால் அதையும் லேசாக இழுங்கள். ரப்பர் மாதிரி நீண்டு திரும்பினால் சரி. இப்போதே மயிரிழை வெடிப்பு தெரிந்தால் சூட்டில் போதுமான நேரம் ஓட்டவில்லை, கேஸ் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடர் கலர் வாங்கினால் கைக்குட்டை ஓரத்தை நாக்கில் தொட்டோ தண்ணீரில் நனைத்தோ, உள்பக்கத் தையல் ஓரத்தில் பத்து முறை தேயுங்கள். வெள்ளைக் கைக்குட்டையில் கலர் வந்தால் அந்தக் கலரை விட்டுவிடுங்கள், அதே டீஷர்ட்டில் வெளிர் கலர் எடுங்கள். பணம் முடையான காலத்தில் நான் கறுப்பும் மெரூனும் எடுப்பதே இல்லை. அழுக்கு தெரியாது என்று எங்கள் அம்மா அதைத்தான் எடுப்பார், அவர் காலத்துக்கு அது சரி.

வீட்டில், சமையல் தராசோடு

வீட்டில் மாவு நிறுக்கும் சின்ன தராசு இருந்தால், ஆண்கள் எம் சைஸ் அரைக்கை ரவுண்ட் நெக் ஒன்றை அதில் போடுங்கள். 180 ஜி.எஸ்.எம். என்றால் 150 கிராமை ஒட்டி நிற்கும். 120 காட்டினால் அது 140, 145 ஜி.எஸ்.எம். துணியாகத்தான் இருக்கும், லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் சரி. சைஸ் மாறினால், பொருத்தம் மாறினால் எடை மாறும் என்பதால், இதை ஒரு சட்டமாக வைக்காமல் ஒப்பிட்டுப் பாருங்கள்: அதே பேர், அதே சைஸில் பழையது ஒன்று பீரோவில் இருந்தால் அதையும் நிறுத்துப் பாருங்கள். பழையது துவைத்துத் துவைத்து இளைத்த பிறகும் புதியதைவிட அதிகம் காட்டினால், உங்களுக்கு என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதல் தண்ணிக்கு முன்னால் தோளிலிருந்து கீழ்வரை டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். 28 அங்குலம் இருந்து, நிழலில் காய்ந்த பிறகு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்தால் அது ஐந்து சதவீதத்தைத் தாண்டிய சுருக்கம். ஏற்றுமதியில் அதை வாங்க மாட்டார்கள், நீங்களும் வாங்க வேண்டியதில்லை. பில்லைத் தூக்கி எறியாமல் இருந்தால் கடையில் வாயாவது திறக்கலாம்.

நூறு சதவீதம் காட்டன் என்று போட்டிருந்தாலும் நம்பிக்கை வரவில்லையா? உள்பக்கத் தையலுக்கு வெளியே நிற்கும் துணி ஓரத்திலிருந்து அரிசி அளவு வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து, அதே வாசம் வந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சுருண்டு, கடுகு மாதிரி கெட்டியாக ஒன்று மிஞ்சும். தையல் நூலைக் கொளுத்திப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தையல் நூல் நல்ல டீஷர்ட்டிலும் பாலியஸ்டர்தான். எங்கள் தெருவில் ஒருவர் அப்படிப் போய் மூக்குடைந்து வந்தார்.

பாலியஸ்டர் கலந்ததாலேயே கெட்டது என்றும் நான் சொல்லவில்லை. பள்ளிக்கூட விளையாட்டு டீஷர்ட்டுக்கு அது நல்லது, சீக்கிரம் காயும், கலர் நிற்கும். பஞ்சு லட்சத்தைத் தொடும்போது கம்பெனிகள் அதன் பக்கம் சாய்வது இயற்கை. காட்டன் என்று சொல்லிக் காட்டன் விலைக்கு விற்பதுதான் திருட்டு.

காதர்பேட்டைக்கு வருகிறவர்களுக்கு

டல் காலத்தில் நல்ல சரக்கு கிடைக்கும் இடம் ஷோரூம் இல்லை. திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் காதர்பேட்டை. கேன்சலான ஆர்டர், ஆர்டருக்கு மேல் தைத்த சரக்கு எல்லாம் அங்கேதான் இறங்கும். ஆனால் அங்கே "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்று தொங்குவது எல்லாமே கப்பல் ஏற வேண்டிய சரக்கு இல்லை. சர்ப்ளஸ் என்ற பேருக்காகவே தைத்ததும் அதில் நிறைய.

பிரிப்பது சுலபம். நிஜ சர்ப்ளஸில் சைஸ் ஒழுங்காக இருக்காது. எஸ் நாற்பது பீஸ், டபுள் எக்ஸ்எல் பதினைந்து, நடுவில் எம் ஒன்றும் இல்லை, கலர் இரண்டே இரண்டு என்று அரைகுறையாக நிற்கும். எல்லா சைஸும் எல்லாக் கலரும் அடுக்கி வைத்து, "இன்னும் ஐநூறு வேணும்னாலும் நாளைக்குத் தர்றேங்க" என்று சொன்னால், அது நாளைக்குத் தைக்கப்போகிறது. கழுத்து லேபிளைப் பாருங்கள். பையர் பேர் தெரியாமல் பாதி வெட்டியோ மார்க்கரால் கோடு போட்டோ இருக்கும். உள்ளே பக்கத் தையலில் இருக்கும் வாஷ் கேர் லேபிளை வெட்ட மறந்திருப்பார்கள். நான்கைந்து மொழியில் பொடி எழுத்தாக நீளமாகத் தொங்கினால் நல்ல அறிகுறி. லேபிள் அடிப்பதற்கும் ஆள் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பாமல், டேப்பையும் தையலையும் பார்த்துவிடுங்கள்.

சின்ன அம்புக்குறி சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது எங்கள் மாதிரி செக்கிங் ஆட்கள் டேமேஜ் காட்ட ஒட்டியது, எடுக்க மறந்தது. அதைப் பார்த்து ஓடாதீர்கள், அம்பு எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். எண்ணெய்க் கறை என்றால் துவைத்தால் போகலாம், பேரம் பேசி வாங்குங்கள். ஊசி பட்ட ஓட்டை என்றால் வேண்டாம், பனியன் துணியில் ஓட்டை ஓடிக்கொண்டே இருக்கும். கையும் உடம்பும் வேறு வேறு ஷேட் என்றால் வீட்டில் போட எடுக்கலாம். பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள், ட்யூப் லைட்டில் ஷேட் தெரியாது.

எப்போது வருவது? தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் வேண்டாம், கூட்டமும் விலையும் பேச விடாது. தீபாவளி போனஸ் கொடுத்து, வெளிமாநிலப் பிள்ளைகள் ஊருக்குப் போய், கம்பெனிகள் அமைதியான பிறகு வாருங்கள். கையில் காசு முடைபட்ட குடோன்காரர்கள் அப்போதுதான் இறங்கி வருவார்கள்.

டல் காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. உள்பனியன், ஜட்டி, குழந்தைகள் துணி இவற்றுக்கு மட்டும் காசைக் குறைக்க மாட்டேன். தோலில் ஒட்டிக் கிடப்பது, தினமும் துவைப்பது. ஒரு நல்ல டீஷர்ட்டுக்குப் பதில் இரண்டு மட்டமானது எடுப்பதும் இல்லை. நைட் பேன்ட் மாதிரி வீட்டுக்குள் கிடப்பதற்கு எது கிடைத்தாலும் சரி என்று 2022-ல் ஒன்று எடுத்தேன், அதுவும் நானே வேலை பார்த்த கம்பெனியின் உள்ளூர் சரக்கு. உட்கார்ந்த உடனே தையல் பிரிந்தது. தைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும், அந்த வாரம் அவருக்கு என்ன ரேட் போட்டார்கள் என்பதும் தெரியும். ஊசி நூல் எடுத்து நானே தைத்துக்கொண்டேன்.

இவ்வளவும் சொல்லி முடித்த மறுநாள் தங்கை வாட்ஸப்பில் இரண்டு படம் அனுப்பினாள். இட்லி மாவுத் தராசில் மடித்து வைத்த டீஷர்ட்டு. பழையது 151. புதுசு 122. கீழே ஒரு வரி: "இதக் கொண்டுபோய் கடக்காரங்கிட்டக் காட்டட்டுமாக்கா?"

"பில்லு இருக்குதா?" என்று கேட்டேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு விழுந்தது. பதில்தான் இன்னும் வரவில்லை.